எங்கள் மலையில் பூத்த பூ எங்கள் பிள்ளைக்குக் கிடையாதா?

மூன்று நாள் ஆகிவிட்டது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

தங்கச்சி மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். பரீட்சை முடிந்த கையோடு பள்ளியில் கருப்பு அங்கி, தொப்பி எல்லாம் மாட்டிவிட்டு விழா வைத்தார்கள். எங்கள் வீட்டில் பிளஸ் டூ வரை படித்த முதல் பெண் அவள். என்ன வேண்டும் என்று கேட்டேன். "வாட்ச் எல்லாம் வேண்டாம் மாமா. மேடையை விட்டு இறங்கும்போது எல்லாருக்கும் வீட்டிலிருந்து பூ கொடுப்பாங்க. எனக்கும் பூ வாங்கிட்டு வாங்க, போதும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

நாங்கள் இருப்பது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். தங்கச்சி வேலை பார்ப்பதே கார்னேஷன் பூ போட்ட பாலிஹவுஸில்தான், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட பூத் தோட்டத்தில். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்க மொட்டு கிள்ளுவாள். தண்டின் உச்சியில் ஒரே ஒரு மொட்டை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்தால்தான் பூ பெரிதாக வரும். முழுக்க விரிவதற்கு முன்னால், இதழ் பெயின்ட் பிரஷ் மாதிரி நிமிர்ந்து நிற்கும்போதே வெட்டித் தண்ணீரில் வைப்பார்கள். அப்புறம் இருபது இருபதாகக் கட்டிப் பெட்டியில் அடுக்கினால், பெட்டி பெங்களூருக்கும் சென்னைக்கும் மலை இறங்கிவிடும். தோட்டத்திலேயே ஒரு கட்டு கேட்டுப் பார் என்றேன். முகூர்த்த ஆர்டருக்கே பத்தவில்லை, சில்லறைக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவளால் அதற்கு மேல் எப்படிக் கேட்க முடியும்?

சரி, காசு கொடுத்து வாங்குவோம் என்று கடைக்குப் போனேன். பத்து கார்னேஷன் தனியாக வேண்டும் என்றேன். தனிப் பூ கிடையாது, பொக்கேதான் என்றார் கடைக்காரர். 650 ரூபாய். பளபளப்பான பிளாஸ்டிக் தாளைக் கழுத்து வரை சுற்றி, ரிப்பன் கட்டி, நீலச் சாயம் முக்கிய குட்டிப் பூக்களைச் செருகி, மேலே ஜிகினா தூவி வைத்திருந்தார். தண்டைப் பார்க்க வேண்டும், பிரித்துக் காட்டுங்கள் என்றேன். "பிரிச்சா டிசைன் போயிடும் சார்." தக்காளி வாங்கும்போது நாலைத் தொட்டுப் பார்க்க விடுகிறோம். 650 ரூபாய்ப் பூவின் தண்டைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

பள்ளி வாசலில் பிரித்துப் பார்த்தேன். தண்டின் அடி கொழகொழவென்று அழுகியிருந்தது. கீழ் இலை மஞ்சள். ரோஜாவின் வாடிய வெளி இதழ்களைப் பிய்த்து எடுத்துவிட்டு மொட்டு மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். ஜெர்பராவுக்குக் கம்பி சுற்றியும் கழுத்து தொங்கிவிட்டது. கார்னேஷனில் பாதி, இதழ் உள்பக்கமாகச் சுருண்டு கிடந்தது. அப்படிச் சுருண்ட பூ தண்ணீரில் வைத்தாலும் திரும்ப விரியாது. பழுக்கிற பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இப்படித்தான் ஆகும். யோசித்துப் பார்த்தேன், அந்தக் கடையில் பொக்கே வாளியை வைத்திருந்தது வாழைத்தார் தொங்கும் இடத்துக்கு அடியில். பூ விற்கிறவருக்கு இது தெரிய வேண்டாமா? புதிதாக வெட்டின கார்னேஷனை நல்ல தண்ணீரில் வைத்தால் இந்தக் குளிருக்கு ரெண்டு வாரம் கூட நிற்கும். விழாவுக்கு அதைக் கேட்டதற்குக் காரணமே அதுதான். பிள்ளை கொஞ்ச நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த பிளாஸ்டிக் தாளை நினைத்தால் இன்னும் எரிகிறது. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் சுற்றுலா வருகிறவர்களிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறோம். காட்டெருமையும் மானும் நடக்கிற மலை, பிளாஸ்டிக் வேண்டாம் என்று அத்தனை வருடமாகச் சொல்கிறோம். விழா முடிந்து பார்த்தால் பள்ளி மைதானம் முழுக்க அந்தத் தாள்தான் பறந்துகொண்டிருந்தது. பூவைக் குத்தி வைக்கிற பச்சை ஸ்பாஞ்சும் மக்காத சாமான்தான். தூளாக உதிர்ந்து அப்படியே மண்ணில் கிடக்கும். வாழை நாரில் கட்டிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்?

நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-ல் ஊட்டியில் ரோஜாப் பூங்கா வைத்த மாவட்டம் இது. மே மாதம் பூ பார்க்க எங்கிருந்தெல்லாமோ வண்டி ஏறி வருகிறார்கள். இங்கே வளர்கிற பிள்ளைக்கு, அவள் அம்மா கை பட்டு வளர்ந்த பூவில் பத்துத் தண்டு வாங்க முடியவில்லை. பிளாஸ்டிக் பூ வந்து விலையைக் கெடுக்கிறது என்று தோட்டக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனால் உள்ளூரில் வாங்க ஆள் இருக்கும்போது எங்களுக்கு ஏன் விற்பதில்லை? தினம் ரெண்டு கட்டைப் பிரித்து பஜாரில் ஒரு வாளித் தண்ணீரில் வையுங்கள். தண்டு கொஞ்சம் குட்டையானது, கோணலானது என்று கழித்துப் போடுவதை வைத்தாலும் போதும். கடைக்காரர்களே, தாளைச் சுற்றாமல் தண்டைக் காட்டி விற்றுப் பாருங்கள். சொன்ன விலை கொடுக்கிறேன்.

போட்டோவில் பாப்பா சிரித்துக்கொண்டுதான் நிற்கிறாள். தொங்கின ஜெர்பராவை மற்ற பூவுக்குப் பின்னால் தள்ளி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி தாளைப் பிரித்தாள். ஒன்றும் பேசவில்லை. தேறினது நாலு தண்டு. அடியைச் சாய்வாக வெட்டி, சொம்பில் தண்ணீர் ஊற்றி, மகளின் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.