அந்த ஓவியத்தின் நீலம் கணினியில் கூட்டியதல்ல
சீன ஓவியர் வாங் ஷிமெங் 1113-இல் வரைந்த ‘ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்’ (லி என்பது சீன தூர அளவு) சுருள் ஓவியத்தின் நீலம் கணினியில் கூட்டியது என்றும், ஓவியமே தூரக்கணக்கு தெரியாமல் வரைந்தது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. அசுரைட் என்ற நீலக் கல்லை அரைத்த நிறப்பொடி அது; பச்சை, மாலகைட் என்ற கல்லை அரைத்தது. இந்தக் கல்பொடி செடிச் சாயம்போலச் சீக்கிரம் வெளுக்காது. ஆனால் சுருளை விரிக்க விரிக்க உதிரும். அதனால்தான் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் அதை அபூர்வமாகவே வெளியே எடுக்கிறது. சில பிரதிகளில் நிறம் தூக்கலாகத் தெரிவது வேறு விஷயம்.

நீலமும் பச்சையும் பாறை முகடுகளில்தான் அடர்ந்திருக்கின்றன. தண்ணீரைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மெல்லிய அலைக்கோடுகள், ஒவ்வொன்றும் தூரிகையால் இழுத்தவை. அப்புறம், ‘தூரக்கணக்கு தெரியாமல் வரைந்தது’ என்று அவர் சொல்வதும் சரியில்லை. ஏறத்தாழ 12 மீட்டர் சுருளை வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்ப்பார்கள். ஒரே இடத்தில் நின்று பார்ப்பதுபோல வரையும் ஒற்றைப் பார்வைக்கோணம் அங்கே எதற்கு?