வால்நட் பக்கத்தில் பெர்ரி வளரும், எது என்பதுதான் கேள்வி

"கருப்பு வால்நட் இருக்கும் தோட்டத்தில் எந்த பெர்ரியும் பிழைக்காது, மரத்தை வெட்டினால் அடுத்த வருஷமே நடலாம்" என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. இதை நம்பி யாரும் நல்ல மரத்தை வெட்டிவிட வேண்டாம்.

மரத்தின் வேர், இலை, காய்த்தோல் எல்லாவற்றிலும் இருந்து ஜக்லோன் என்ற வேதிப்பொருள் வருகிறது என்பது உண்மைதான். தக்காளி அதற்குச் சட்டென்று வாடிவிடும். ஆனால் கருப்பு ராஸ்பெர்ரி பொதுவாகத் தாங்கும். அமெரிக்காவில் ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கம் வால்நட் மரங்களின் ஓரத்திலேயே அது காடாக மண்டிக் கிடக்கும். எல்டர்பெர்ரியும் தாங்கும். பிளாக்பெர்ரியும் புளூபெர்ரியும்தான் பாதிக்கப்படும் பட்டியலில் வருகின்றன.

அதிலும் புளூபெர்ரி வாடினால் உடனே ஜக்லோன் மேல் பழி போடாதீர்கள். அதற்கு pH அளவு 4.5 முதல் 5.5 வரை உள்ள அமில மண் வேண்டும். வால்நட் செழிப்பதோ நடுநிலைக்கு அருகில் இருக்கும் ஆழமான மண்ணில். மரமே இல்லாவிட்டாலும் அந்த மண்ணில் புளூபெர்ரி மஞ்சளாகி நிற்கும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். நிழலும், மரம் உறிஞ்சும் தண்ணீரும் வேறு இருக்கின்றன.

அப்புறம், வெட்டுவது பற்றி. வேர்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கும், அவை மக்கும்வரை சில ஆண்டுகளுக்கு ஜக்லோனும் வந்துகொண்டிருக்கும். வேர்கள் கிளை நிழலைத் தாண்டியும் போகும். பெரிய மரமென்றால் பிளாக்பெர்ரியை 50, 60 அடியாவது தள்ளி நடுங்கள். இடமில்லையா? உயரப் பாத்தி கட்டி, வேர் மேலேறாதபடி அடியில் தடுப்புத் துணி விரியுங்கள், விழும் இலைகளையும் காய்களையும் அவ்வப்போது அள்ளிவிடுங்கள்.