மே மாதம் மெல்போர்ன் வருகிறவர்களுக்கு: கிரேட் ஓஷன் ரோடா, ஃபிலிப் ஐலண்டா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் மெல்போர்னில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து ஊரிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். இருப்பது ஒரு வாரம். நகரத்தைச் சுற்றி, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வந்தது போக, கடற்கரைப் பக்கம் போக மிஞ்சுவது ஒரே ஒரு நாள். மேற்கே போகும் கடலோரச் சாலையா, மாலையில் பெங்குவின் கரையேறும் தீவா? அதாவது, கிரேட் ஓஷன் ரோடா, ஃபிலிப் ஐலண்டா?

கேட்பவர்களில் பாதிப்பேர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். கிரேட் ஓஷன் ரோடில், கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் ட்வெல்வ் அப்பாசல்ஸ் என்ற அந்தச் சுண்ணாம்புக்கல் தூண்களின் படத்தைப் பார்த்தபிறகு வேறெதுவும் மனதில் ஏறுவதில்லை. புரிகிறது. ஆனாலும் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: மே, ஜூனில் வருகிறீர்கள், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஃபிலிப் ஐலண்டுக்குப் போங்கள்.

அழகுப் போட்டி வைத்து இதைச் சொல்லவில்லை. அழகென்று பார்த்தால் கிரேட் ஓஷன் ரோடுக்கு நிகரான கடற்கரை விக்டோரியா மாநிலத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். பிரச்சினை பகல் வெளிச்சம். நமக்குக் கோடை விடுமுறை என்றால் இங்கே குளிர்காலம் வாசலில் நிற்கிறது. மே நடுவில் காலை ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது, மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. உங்கள் கையில் இருப்பது பத்து மணி நேர வெளிச்சம்.

அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலோரமாகவே போனால் ட்வெல்வ் அப்பாசல்ஸ் வரை சுமார் 275 கிலோமீட்டர். எங்கும் நிறுத்தாமல் ஓட்டினாலே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிறுத்தாமல் ஓட்டுவதற்கா அந்தச் சாலை? லார்னில் ஒரு காபி, கென்னட் ரிவரில் மரத்தில் கோலா இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பது, அப்பல்லோ பேயில் சாப்பாடு என்று போனால் தூண்களுக்கு முன்னால் போய் நிற்கும்போது மணி மூன்று. அரைகுறையாகப் பார்த்துவிட்டுக் கிளம்பி, கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் மூன்று மணி நேரம், பெரும்பாலும் இருட்டில், திரும்ப வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். அந்த ஊர்களில் சாலை முழுக்க விளக்கு இருக்காது. வாடகைக் கார் எடுத்து, பழக்கமில்லாத ரோட்டில், பின்சீட்டில் தூங்கும் குழந்தைகளோடு ஓட்டுகிறவரின் நிலையை யோசியுங்கள். டூர் பஸ்ஸில் போனால் ஓட்டும் கவலை இல்லை, ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்த வளைவுகளில் வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வருவது சாதாரணம்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அது அவசரமாகப் பார்க்கிற இடமே இல்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், அங்கே மாண்ட தங்கள் தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை வெட்டிப் போட்ட சாலை அது. அப்பாசல்ஸிலிருந்து சில நிமிடம் தள்ளி லாக் ஆர்ட் கார்ஜ் இருக்கிறது. 1878இல் லாக் ஆர்ட் என்ற கப்பல் அங்கே பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர், டாம் பியர்ஸும் ஈவா கார்மைக்கேலும். பக்கத்தில் கடலுக்குள் இருந்த ஒரு பாறை வளைவு 2009இல் இடிந்து விழுந்தபோது மிஞ்சிய இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்தார்கள். அப்பாசல்ஸிலும் ஒரு தூண் 2005இல் சரிந்துவிட்டது. கடல் இன்னமும் அந்தக் கரையை அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதையெல்லாம் பஸ்காரர் கொடுக்கும் இருபது நிமிடத்தில் எப்படி உள்வாங்குவது?

சரி, ஃபிலிப் ஐலண்டுக்கு வருவோம். மெல்போர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சான் ரெமோவில் பாலம் ஏறினால் தீவு. காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். கோலா சரணாலயத்தில் மரங்களுக்கு நடுவே பலகைப் பாதையில் நடந்து கோலாக்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். பிற்பகலில் தீவின் மேற்குக் கோடியில் நாபீஸ். அங்கேயும் பலகைப் பாதைதான், முட்டிவலி உள்ளவர்களும் மெதுவாக நடக்கலாம். கீழே பாஸ் ஸ்ட்ரெய்ட் கடல் பாறையில் மோதிக்கொண்டே இருக்கும், தூரத்துப் பாறைத்தீவில் சீல் கூட்டம். கடற்கரை அழகுக்காக வந்தவர்கள் ஏமாறமாட்டார்கள்.

அப்புறம் பெங்குவின். உலகத்திலேயே சிறிய பெங்குவின் இனம், 33 சென்டிமீட்டர் உயரம், ஒரு கிலோ எடை, முதுகு நீலம். பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் கூட்டம் சேர்த்துக்கொண்டு மணலைத் தாண்டி வளைகளுக்கு ஓடும். வருடம் முழுக்க, ஒவ்வொரு மாலையும். சூரியன் ஐந்தேகாலுக்கு மறைவது இங்கேதான் நமக்குச் சாதகம். ஆறு மணிக்கெல்லாம் அவை கரையேறிவிடும், ஒன்பது மணிக்குள் நீங்கள் வீட்டில் இருக்கலாம். குளிர்காலத்தில் எண்ணிக்கை கொஞ்சம் குறையும்தான், அதற்காக வராமல் போவதில்லை.

"இவ்வளவு பணம் கொடுத்துப் போய் போட்டோகூட எடுக்கக்கூடாதாமே" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தடை மிகச் சரி. பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் அவை மிரண்டுவிடும். இந்தப் பறவைகளுக்காக அந்தக் கரையை ஒட்டியிருந்த ஒரு குடியிருப்பையே காலி செய்திருக்கிறார்கள். 1985இல் அரசு வீடுகளையும் மனைகளையும் திரும்ப வாங்கத் தொடங்கி, 2010இல்தான் வேலை முடிந்தது. மனிதர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது பெரிய காரியமில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்களுக்கு என் பதில் நேர்மாறு. அப்போது சூரியன் மறையவே எட்டரைக்கு மேல் ஆகும். பெங்குவின் பார்த்துத் திரும்பினால் நள்ளிரவு, சின்னக் குழந்தைகள் தாங்காது. ஆனால் கிரேட் ஓஷன் ரோடுக்கு வேண்டிய வெளிச்சம் இருக்கும். டார்க்கியிலிருந்து மேற்கே ஓட்டுங்கள். இங்கேயும் இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறோம் என்பதால் போகும்போது கடல் உங்கள் பக்கமே வரும், நிறுத்திப் பார்ப்பதும் சுலபம். மே மாதமே ஆனாலும் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் அப்பல்லோ பேயிலோ போர்ட் கேம்பெலிலோ ஒரு இரவு தங்கிவிட்டு வாருங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஃபிலிப் ஐலண்ட் போகிறவர்கள் பெங்குவின் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், விடுமுறை நாட்களில் தீர்ந்துவிடும். உட்காரும் படிகள் திறந்தவெளியில் இருக்கின்றன, கடல்காற்று எலும்பு வரை போகும், ஆகவே தடித்த ஜாக்கெட்டும் குல்லாயும் ஆளுக்கு ஒன்று கட்டாயம். கிளம்பும்போது வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் ஒரு முறை பாருங்கள், பெங்குவின் அங்கேயும் வந்து நிற்கும்.