ஆர்டர் இருந்தும் தூக்கிப் போன குட்டி யானை

சங்ககிரி பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். வண்டி லோன் கேஸ்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. கோர்ட் உத்தரவை மீறினால் குற்றம் என்பது டியூ கட்டாதவன் மேல் பாய்கிற வேகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி மேல் பாய்வதில்லை.

போன ஆடியில் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டும் ஒருவர் வந்தார். ஐந்து டியூ நின்றுபோயிருந்தது. நான்கு பழுப்புக் கவர்களை மேசையில் வைத்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடந்தவை. ஒன்றில் கிரீஸ் கறை. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"பிரிச்சா மட்டும் என்னங்ண்ணா, கட்டுன்னுதானே எழுதியிருப்பாங்க" என்றார்.

முதல் இரண்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. மூன்றாவதில், சென்னையில் ஒருவரை ஆர்பிட்ரேட்டராக, அதாவது கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்த்துவைக்கும் நடுவராக, நியமித்திருப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. நான்காவது அந்த ஆர்பிட்ரேட்டரே வாய்தா தேதி போட்டு அனுப்பியது. தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஆர்பிட்ரேட்டர் கோர்ட்டில் உட்காரும் நீதிபதி இல்லை, அதனால் அவர் உத்தரவு வெறும் காகிதம் என்று எங்கள் லாரி ஸ்டாண்டில் நம்புகிறவர்கள் நிறைய. அது தப்பு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஆர்பிட்ரேஷன் மற்றும் சமரசச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் அவர் போடும் இடைக்கால உத்தரவைக் கோர்ட் உத்தரவு மாதிரியே நிறைவேற்றலாம். மீறினால் 27(5)ஆம் பிரிவின்படி கோர்ட் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டு தண்டிக்கலாம் என்று 2017இல் அல்கா சந்தேவார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது போக 9ஆம் பிரிவு வேறு இருக்கிறது. ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன்பே கம்பெனி கோர்ட்டுக்குப் போய், கோர்ட் சார்பில் வரும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை நியமிக்கச் செய்து, போலீஸ் துணையோடு வண்டியை எடுக்க உத்தரவு வாங்கலாம். அப்படி முன்கூட்டியே போக முடியும் என்று 1999இல் தீர்ப்பு வந்ததும் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடுத்த ஒரு வழக்கில்தான்.

கமிஷனர் வரும்போது வண்டியை மாமனார் ஊர்த் தோப்பில் ஒளித்து வைக்கிறார்களே, அது கோர்ட் உத்தரவை மீறுவதுதான். பத்து வருடத்துக்கு முன் ஒருவருக்கு நானே அந்த யோசனையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. டயரையும் பேட்டரியையும் கழற்றி விற்றுவிட்டு வெறும் கூட்டை ஒப்படைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கியவர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை.

சரி, குட்டி யானைக்காரர் கதைக்கு வருகிறேன். கமிஷனர் உத்தரவு எதுவும் வாங்காமலேயே வண்டியைப் பிடிக்கிற சீசிங் ஆட்கள் அவரைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி அல்லாமல் வண்டியைப் பறிக்கக் கூடாது என்று எங்கள் வக்கீல் உள்ளூர் கோர்ட்டில் வழக்குப் போட்டு வியாழக்கிழமை இடைக்காலத் தடை வாங்கினார். சனிக்கிழமை காலை வைகுந்தம் டோல்கேட் தாண்டி, தக்காளி லோடோடு வண்டியைத் தூக்கிவிட்டார்கள். இவர் ஆர்டர் நகலைக் காட்டியிருக்கிறார். பைக்கில் வந்த பையன் அதை வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "ஆபீஸ்ல பேசிக்கங்க" என்றிருக்கிறான். தக்காளியை இறக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

உடனே அவமதிப்பு வழக்குப் போடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் கீழ்க்கோர்ட் தடை உத்தரவை மீறினால் அங்கேயே சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39 ரூல் 2ஏ-வில் மனுப் போட வேண்டும். சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். போட்டோம். கம்பெனியின் பதில் மூன்று வரி. உத்தரவு எங்களுக்கு வந்து சேரவில்லை, எடுத்தது வெளி ஏஜென்சி, ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருப்பதால் இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை.

எனக்கு எரிச்சல் வந்தது இந்த மூன்று வரியைப் படித்தபோதுதான். தெரிந்தே மீறினால்தான் அவமதிப்பு; அது நியாயம்தான். ஆனால் டியூ தேதி தாண்டிய மறுநாளே பையன் கைப்பேசிக்கு வண்டி நம்பர் போய்விடுகிறது. கோர்ட் ஆர்டர் மட்டும் வாரக்கணக்கில் வழியிலேயே நிற்கிறது. ஏஜென்சிதான் செய்தது என்ற சாக்கும் செல்லாது. வெளி ஆளை வைத்து வசூலித்தாலும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையதே என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலும் சொல்லியிருக்கிறது. அடியாள் வைத்து வண்டியைப் பிடுங்காதீர்கள் என்று 2007இல் பிரகாஷ் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அதிகாரம் இல்லை என்ற வாதம் பின்னால் ஜெயித்தாலும், உத்தரவு அமலில் இருந்த நாளில் அதை மீறியதற்குத் தண்டனை உண்டு என்று 1997இல் தய்யபாய் வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. இத்தனை இருந்தும், என் பதினெட்டு வருடத்தில் எந்தக் கம்பெனி மேனேஜரும் இதற்காக உள்ளே போய் நான் பார்த்ததில்லை. அவமதிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் கம்பெனிப் பொறுப்பாளர்களையும் பிடிக்க வழி இருக்கிறது. பிடிபடுவது என்னவோ பைக்கில் வந்த பையன்தான்.

அபராதத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 1971ஆம் வருட அவமதிப்புச் சட்டம், ஆறு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 2000 ரூபாய் வரை அபராதம். குட்டி யானையின் ஒரு மாத டியூவுக்குக்கூடக் காணாது. அதையும் ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும்.

தூரத்தையும் பாருங்கள். ஆர்பிட்ரேட்டர் சென்னையில் தீர்ப்பு எழுதினால், அதை வைத்துக் கம்பெனி நேராக நம் ஜில்லா கோர்ட்டில் ஈ.பி. என்கிற நிறைவேற்று மனுப் போடலாம், சென்னைக் கோர்ட்டில் மாற்றல் வாங்கி வர வேண்டியதில்லை என்று 2018இல் அப்துல் சமது வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஊழியரான அமீனா நம் வாசலுக்கே வருவார். ஆனால் ஆர்பிட்ரேட்டர் எழுதிய அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க வேண்டுமானால் நாம்தான் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும், மூன்று மாதத்துக்குள். தவறினால் இன்னும் முப்பது நாள், அதுவும் காரணம் சொன்னால்தான்.

இத்தனை இடக்கிலும் கடன்காரர் கையில் ஒரு பிடி இருக்கிறது. கம்பெனி தானாகவே ஆர்பிட்ரேட்டரை நியமிப்பதை 2019இல் பெர்கின்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஒருதலை நியமனம் சமத்துவத்துக்கு விரோதம் என்றது. தகராறு வந்த பிறகு நாம் எழுதிக் கொடுத்துச் சம்மதித்தால் ஒழிய, அந்த நியமனத்தை எதிர்க்கலாம். மூன்றாவது கவரைப் பிரித்த அன்றே "உங்கள் ஆளை ஏற்கவில்லை" என்று பதில் எழுதி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த அத்தாட்சியைப் பத்திரப்படுத்தினால் போதும், பாதிக் கிணறு தாண்டின மாதிரி. தடை உத்தரவு வாங்கினாலும் இதே கதைதான். நகலைச் சென்னைத் தலைமை ஆபீஸ், உள்ளூர்க் கிளை, ஏஜென்சி மூன்று இடத்துக்கும் அன்றே அனுப்பியிருந்தால் அந்த மூன்று வரிப் பதிலில் முதல் வரி எழுதவே முடிந்திருக்காது. எங்கள் ஆபீசும் தலைமை ஆபீசுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிட்டது. அதில் பாதித் தப்பு என்னுடையது.

வண்டி இன்னும் பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டில்தான் நிற்கிறது. அவர் இப்போது அடுத்தவர் வண்டி ஓட்டும் ஆக்டிங் டிரைவர். 2ஏ மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. கவர் எது வந்தாலும் பிரித்து, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிடுகிறார். போன வாரம் வந்தது மச்சினி கல்யாணப் பத்திரிகை.