மூன்று ஆட்டத் தடை அதிகமா?

2024 டிசம்பரில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) டிரெவர் லாரன்ஸைத் தாக்கியதற்காக, ஹூஸ்டன் டெக்சன்ஸ் வீரர் அசீஸ் அல்-ஷாயிருக்கு அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் விதித்த மூன்று ஆட்டத் தடை அதிகம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. குவார்ட்டர்பேக் காலை நீட்டிச் சறுக்கிவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றது என்பதுதான் விதி. அதன் பிறகு முன்கையால் தலையில் இடிப்பதை ஆட்ட வேகத்தில் நடந்தது என்று எப்படிச் சொல்வது? லாரன்ஸை மூளை அதிர்ச்சியோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஏற்கெனவே தோள் காயமும் இருந்தது, சரி. ஆனால் அந்த சீசனில் லாரன்ஸ் மறுபடி களமிறங்கவே இல்லை. அடித்தவரோ மூன்று ஆட்டம் கழித்துத் திரும்பிவிட்டார்.

தடைக்குப் பதில் அபராதம் போட்டாலும், கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு அது உறைக்காது. 2019இல் இதேபோல் எதிரணி வீரரின் தலையில் இடித்த வான்டேஸ் பர்ஃபிக்ட் என்ற வீரரை மீதி சீசன் முழுக்க வெளியே உட்காரவைத்தார்கள். அல்-ஷாயிரைப் போல ஆட்டத்தில் பழைய விதிமீறல்கள் இருப்பவருக்கு அந்த அளவு கண்டிப்புதான் வேண்டும்.