மெயிலும் போடுங்க, வட்ஸ்அப்பிலும் போடுங்க

கல்முனையில் ஒரு கந்தோர் விண்ணப்பத்தை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று கறாராக அறிவிக்கிறது. அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கேட்டால், "தம்பி, மெயில் பார்க்கிறல்ல, வட்ஸ்அப்பில ஒருக்கா போட்டுடுங்க" என்கிறார்கள். பிறகு எதற்கு ஐயா அந்த மின்னஞ்சல் முகவரி, கடிதத் தலைப்பை அலங்கரிக்கவா? மட்டக்களப்பில் இன்னொருவருக்கு வைபர் வேண்டுமாம். மகனின் ரியூசன் வகுப்புக்கோ டெலிகிராம்.

வட்ஸ்அப் குழுவில் போட்ட பீடிஎஃப், மறுநாள் காலை வணக்க ரோஜாப் பூக்களுக்கும், பேச்சைவிட மின்விசிறியின் இரைச்சலே அதிகம் கேட்கும் குரல் பதிவுகளுக்கும் அடியில் புதைந்து கிடக்கும். "அந்த ஃபைலைத் திரும்ப அனுப்ப ஏலுமா?" என்று கேட்காதவர் உண்டா?

1971இல் அமெரிக்கக் கணினிப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் தொடக்கிவைத்த மின்னஞ்சலில், ஜீமெயிலிலிருந்து யாகூவுக்குத் தடையின்றிக் கடிதம் போகிறது. வைபரிலிருந்து டெலிகிராமுக்கு ஒரு வணக்கம்கூடப் போகாது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம். மின்னஞ்சலின் காலம் முடிந்துவிட்டது என்று முழங்குபவர்களின் அன்ட்ரொயிட் தொலைபேசியில், பிளே ஸ்டோரிலிருந்து வட்ஸ்அப்பை இறக்குவதற்கே கூகுள் கணக்கு வேண்டும். அதன் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, கடைக்காரப் பொடியனிடம் புதிது புதிதாக முகவரி திறப்பவர்களும் இவர்கள்தான்.