மேவிஸ் ஸ்டேபிள்ஸ்: தரையில் வட்டமாக உட்கார்ந்து கற்ற பாட்டு

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர், தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவர் பிறகு கறுப்பின மக்களின் உலகியல் இசையான சோல் இசைக்கு மாறினார் என்றுதான் தொடங்குகிறார்கள். அந்த 'மாறினார்' என்ற சொல்லின் மீது எனக்குப் பல ஆண்டுகளாக மனக்குறை உண்டு. ஒரு கரையிலிருந்து புறப்பட்டு மறுகரையில் இறங்கியவரைப் போல அவரைக் காட்டுகிறது அந்தச் சொல். அவருடைய பாடல்களைக் காலவரிசைப்படி கேட்டுப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பயணமே நடக்கவில்லை என்பது தெரியும். அவர் நின்ற இடத்திலேயே நின்று பாடினார். அவரைச் சுற்றியிருந்தவர்கள்தான் அவ்வப்போது கோடுகளை அழித்து, வேறு வேறு இடங்களில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அவருடைய தந்தையிடமிருந்து தொடங்க வேண்டும். 'பாப்ஸ்' என்று எல்லாராலும் அழைக்கப்பட்ட ரோபக் ஸ்டேபிள்ஸ் 1914இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில் வளர்ந்தவர். தெற்கத்திக் கறுப்பின மக்களின் துயர இசையான ப்ளூஸின் முன்னோடிகளில் ஒருவரான சார்லி பேட்டன் வாழ்ந்து வாசித்த பண்ணை அது. பகலில் வயலில் உழைத்த அந்தச் சிறுவன் அங்கே கேட்டுக் கேட்டுத்தான் கிட்டாரைப் பழகினான். 1930களில், தெற்கிலிருந்து வடக்கே குடிபெயர்ந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்களோடு பாப்ஸும் சிகாகோ போய்ச் சேர்ந்தார். இறைச்சித் தொழிற்கூடங்களில் வேலை பார்த்தார். பல ஆண்டுகள் கிட்டாரைத் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் அடகுக் கடையிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, கிட்டாரின் ஒவ்வொரு தந்தியாக மீட்டி, இது உன் சுருதி, இது உன்னுடையது என்று ஆளுக்கொரு குரலைப் பிரித்துக் கொடுத்தார். கிளியோத்தா, பெர்விஸ், இவான், மேவிஸ் என்ற அந்த நால்வரில் இளையவர் 1939 ஜூலை 10 அன்று பிறந்த மேவிஸ். பின்னாளில் 'ஸ்டேபிள் சிங்கர்ஸ்' என்று அறியப்பட்ட அந்தக் குடும்பக் குழு 1948இல் சிகாகோவின் ஒரு தேவாலயத்தில் முதன்முதலாகப் பாடியபோது, கூடியிருந்தவர்கள் மூன்று முறை திரும்பப் பாடச் சொன்னார்களாம். வீட்டுக்குப் போய் இன்னும் சில பாட்டுகளைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று அன்று பாப்ஸ் முடிவெடுத்ததாக மேவிஸ் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தத் தேவாலயத்தில் ஒலித்த கிட்டார் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே நாம் கவனிக்க வேண்டும். நடுங்கி நடுங்கி, நீரில் விழுந்த வெளிச்சம்போல அசையும் பாப்ஸின் கிட்டார் நாதம், மிசிசிப்பி ப்ளூஸ்காரர்களிடம் கேட்டு வளர்ந்த கையிலிருந்து வந்தது. பாடலின் சொற்கள் வேதாகமத்தைச் சேர்ந்தவை, கிட்டாரின் நடையோ சனிக்கிழமை இரவு ஆட்டபாட்டங்களைச் சேர்ந்தது. பக்திக்கும் உலகியலுக்கும் இடையில் இருப்பதாகச் சொல்லப்படும் சுவர், அந்தக் குடும்பத்தின் முதல் பாட்டிலேயே இடம் தெரியாமல் போயிருந்தது.

1956இல் வீ-ஜே இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பதிவுசெய்த 'அன்கிளவுடி டே' வானொலிகளில் ஒலித்தபோது, அந்த ஆழ்ந்த கீழ்ஸ்தாயிக் குரல் ஓர் ஆணுடையதாகவோ வயதான பெண்ணுடையதாகவோதான் இருக்கும் என்று மக்கள் பந்தயம் கட்டினார்கள். அண்ணன் பெர்விஸின் குரல் உடைந்த பிறகு முன்னணிக் குரலாக நிறுத்தப்பட்டவர், ஒல்லியான ஒரு பதின்ம வயதுப் பெண். மேவிஸின் குரலை 'கனமானது' என்று எல்லாரும் வர்ணிக்கிறார்கள். அதில் எனக்குப் பெரிதாகப் படுவது கனம் அல்ல, அவசரமின்மைதான். மற்றவர்களின் குரல்கள் நெருங்கிப் பின்னிய பிறகு, அவர் ஒரு மூச்சு தாமதமாக உள்ளே வருவார். அந்தத் தாமதத்திலேயே பாட்டு முழுவதும் அடங்கியிருக்கும்.

சுவரே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தச் சுவரை மேவிஸ் உடம்பாலேயே அறிந்தவர். சிறுமியாக இருந்தபோது அவர் மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ ஊரில் பாட்டியிடம் வளர்ந்த காலம் ஒன்று உண்டு. விடுதலை பெற்ற முன்னாள் அடிமைகள் தாங்களே உருவாக்கிய ஊர் அது. அங்கே பள்ளி நிகழ்ச்சியொன்றில் அவர் ப்ளூஸ் காதல் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்கியதும், உறவினர் ஒருவர் மேடையிலிருந்தே அவரை இறக்கிக் கூட்டிச் சென்றார். வீட்டில் பாட்டி பிரம்பை எடுத்துவிட்டார். இந்தக் குடும்பத்தில் இதுபோன்ற பாட்டுகள் பாடக் கூடாது என்பது அன்றைய பாடம். அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். வாரத்தில் ஆறு நாளும் அவமானத்தைத் தின்று வாழ்ந்த மக்களுக்கு ஏழாம் நாளில் தலை நிமிர்ந்து நிற்க ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தின் தூய்மையைக் காப்பது அவர்களுக்குத் தன்மானத்தைக் காப்பதாகவே இருந்தது. ஆனால் பாட்டி தடுத்தது சொற்களை மட்டும்தான். பாடும் முறையை அவராலும் பிரித்துவைக்க முடியவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் அது ஒன்றே.

1963இல் அலபாமாவின் மாண்ட்கோமரி நகருக்குப் பாடச் சென்றபோது, மார்ட்டின் லூதர் கிங் முன்பு போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ ஆலயத்தில் அவருடைய உரையைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. விடுதி அறைக்குத் திரும்பிய பாப்ஸ் பிள்ளைகளை அழைத்து, இந்த மனிதரால் இதைப் பிரசங்கிக்க முடியும் என்றால் நம்மால் இதைப் பாட முடியும் என்றார். அதன் பிறகு அவர்கள் சிவில் உரிமை இயக்கத்தின் குரலானார்கள். 1957இல் லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளிக்குள் நுழைய முயன்ற ஒன்பது கறுப்பின மாணவர்கள் பட்ட பாட்டை நினைத்து, எங்களை ஏன் இப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டு பாப்ஸ் எழுதிய பாடல் கிங்குக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்று இரவு என் பாட்டைப் பாடுவீர்கள் அல்லவா என்று அவர் பாப்ஸிடம் கேட்பாராம்.

போராட்டத்தை மேடையில் மட்டும் சந்தித்தவர்களும் அல்லர் அவர்கள். 1964இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெம்ஃபிஸில், இரவு நேரத்தில் காரை ஓட்டி வந்த மேவிஸ் பெட்ரோல் நிலையமொன்றில் ரசீது கேட்டார். பணியாளர் இனவசைச் சொல்லால் பதில் சொன்னார், பாப்ஸ் தட்டிக் கேட்க, கைகலப்பானது. சற்றுத் தூரம் போவதற்குள் துப்பாக்கிகளோடும் நாய்களோடும் காவலர்கள் வழிமறித்து, குடும்பத்தையே விலங்கிட்டுக் கூட்டிச் சென்றார்கள். பாடகர்கள் என்று அடையாளம் தெரிந்த பிறகே விடுதலை. நெடுஞ்சாலையைப் பற்றி அவர்கள் பாடும்போது, தார்ச் சாலையின் இருட்டு எப்படியிருக்கும் என்று அறிந்துதான் பாடினார்கள்.

1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு மக்கள் வாக்குரிமை கேட்டு நடந்து முடித்த சில நாள்களில் பாப்ஸ் 'ஃப்ரீடம் ஹைவே' பாடலை எழுதினார். ஏப்ரலில் சிகாகோவின் நியூ நசரேத் ஆலயத்தில், சபையார் முன்னிலையில் அது பாடிப் பதிவானது. டல்லஹாச்சி ஆற்றின் பெயர் அந்தப் பாட்டில் வருகிறது. 1955இல், வெள்ளையர்களால் கொல்லப்பட்ட பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சடலம் கிடைத்த ஆறு அது. அந்தச் சிறுவன் சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு விடுமுறைக்குச் சென்றவன், அவர்கள் ஊர்ப் பிள்ளை. ஆலயத்துக்குள் நின்று, கைதட்டலின் நடுவே, கொலை செய்யப்பட்டவர்களின் ஆற்றைப் பெயர் சொல்லிப் பாடுவதை எந்த வகையில் சேர்ப்பது? பக்திப் பாட்டா, அரசியல் பாட்டா, சோல் இசையா? வகை பிரிக்கிறவர்கள் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

1968இல் அவர்கள் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வந்தார்கள். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த அல் பெல், கொலையுண்ட தம்பியை அடக்கம் செய்துவிட்டுத் தந்தையின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்ற ஒரு பழைய பள்ளிப் பேருந்தின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மனதில் தோன்றியதுதான் 'ஐல் டேக் யூ தேர்'. அலபாமாவின் மஸ்ஸில் ஷோல்ஸில் பதிவான அந்தப் பாட்டு 1972இல் அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலிலும், கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி பட்டியலிலும் முதலிடம் பிடித்தது. சரணம் என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றே ஒன்றுதான். அழுகையும் கவலையும் இல்லாத, இனம் பார்த்துப் பொய்யாகச் சிரிக்கும் முகங்கள் இல்லாத ஓர் இடம் இருக்கிறது, உங்களை அங்கே அழைத்துப் போகிறேன் என்பதோடு கருத்து முடிந்துவிடுகிறது. மீதி நேரமெல்லாம் மேவிஸ் அழைக்கிறார், உடன் பாடுபவர்கள் பதில் தருகிறார்கள், வாசிப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார், உறுமுகிறார். சொற்கள் தீர்ந்த பிறகு போதகரும் சபையும் செய்வது அதுதான். நடன அரங்குகளில் ஒலித்த அந்தப் பாட்டு, என் காதுக்கு, அந்தக் குடும்பத்தின் மிகக் கலப்பற்ற ஆலயப் பாட்டு.

சில ஆலயங்கள் அப்படிக் கேட்கவில்லை. சாத்தானின் இசையைப் பாடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சாத்தானுக்கு ஏது இசை, எல்லா இசையும் கடவுளுடையதே என்பது மேவிஸின் பதில். நீங்கள் பாடலின் சொற்களைக் கேட்டுப் பாருங்கள் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். இந்தப் பதிலை வெறும் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரம்படி வாங்கிய சிறுமி, பாட்டியின் சட்டத்தை மீறாமலேயே பாட்டிக்குச் சொல்லும் பதிலாகத்தான் அது எனக்குப் படுகிறது.

நேர்மையாகச் சொன்னால், அவர்கள் ஒருமுறை அந்தக் கோட்டின் மீது கால் வைத்ததுண்டு. 1975இல் கர்ட்டிஸ் மேஃபீல்ட் ஒரு திரைப்படத்துக்காக எழுதிய 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' என்ற காதல் பாட்டைப் பாட, நான் ஆலயத்து மனிதன் என்று சொல்லி பாப்ஸ் தயங்கினார். பிறகு வற்புறுத்தலுக்கு இணங்கினார். அதுவும் முதலிடம் பெற்றது. இனிமையான பாட்டுதான், ஆனாலும் அவர்களுடைய பெரிய வெற்றிகளில் நான் மிகக் குறைவாகத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில், மவுண்ட் மோரிஸ் பூங்காவில் நடந்த இசைவிழாக் காட்சியை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பெரிதும் வெளிவராமல் கிடந்த அந்தப் படச்சுருள்கள் 2021இல் ஆவணப்படமாக வந்தன. கிங் கொல்லப்பட்டு ஓராண்டு கடந்திருந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று, சுடப்படுவதற்குச் சற்று முன்பு, அன்றிரவு வாசிக்குமாறு அவர் பென் பிராஞ்ச் என்ற இசைக்கலைஞரிடம் கேட்டுக்கொண்ட 'பிரெஷஸ் லார்ட்' பாடலை மஹாலியா ஜாக்சன் பாடுவதாக இருந்தது. சிறுவயது முதலே மேவிஸ் வழிபட்ட பாடகி அவர். ஹேலிக்கு இன்று உடம்பு சரியில்லை, இந்தப் பாட்டைப் பாட எனக்கு உதவி செய் என்று, தன்னையே செல்லப்பெயரால் குறிப்பிட்டு, மஹாலியா மேவிஸிடம் சொல்கிறார். அப்போதுதான் முப்பது வயதை எட்டியிருந்த மேவிஸ் பாட்டைத் தொடங்கி, அடிவயிற்றிலிருந்து எழும்பி, சொற்களை உடைத்துக் கொட்டுகிறார். பிறகு மஹாலியா ஒலிவாங்கியை எடுத்துக்கொள்கிறார், இருவரும் மாறி மாறி ஒரே ஒலிவாங்கியில் பாடுகிறார்கள். ஒருவரை ஒருவர் மிஞ்சும் எண்ணம் அங்கே துளியும் இல்லை. இந்தப் பாட்டை 1932இல் எழுதியவர் தாமஸ் டோர்சி. பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் இழந்த துயரத்தில் எழுதினார். கறுப்பினத் தேவாலயங்களின் பக்தி இசையான காஸ்பலின் தந்தை என்று போற்றப்படும் அந்த டோர்சி, அதற்கு முன் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னி போன்றோருக்குப் பியானோ வாசித்த ப்ளூஸ்காரர். அவருடைய பாட்டுகளையும் சிகாகோவின் ஆலயங்கள் முதலில் வாசலிலேயே நிறுத்தின. இன்று அவற்றைப் பாடாமல் அங்கே ஓர் அடக்கச் சடங்கு நடப்பது அரிது.

பாப் டிலன் அவரை மணக்க விரும்பிய கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். தனிப் பாடகியாக மேவிஸ் பட்ட அலட்சியத்தைத்தான் சொல்ல வேண்டும். 1969 முதலே தனி இசைத்தட்டுகள் வந்தன. பிற்பாடு பாப் நட்சத்திரம் பிரின்ஸ் போன்ற ஒருவர் முன்னின்று உருவாக்கியவைகூட விற்கவில்லை. 2000 டிசம்பரில் பாப்ஸ் இறந்தபோது மேவிஸ் பாடுவதையே நிறுத்திவிட்டார். அக்கா இவான்தான் தங்கையை அதட்டி எழுப்பினார், அப்பா இதை விரும்பமாட்டார் என்று. மேவிஸ் தன் பணத்தைப் போட்டு ஒரு தொகுப்பைப் பதிவுசெய்து, பல நிறுவனங்கள் மறுத்த பிறகு, 2004இல் அலிகேட்டர் நிறுவனத்தின் மூலம் அதை வெளிக்கொண்டுவந்தார். சிகாகோவைச் சேர்ந்த ராக் இசைக்கலைஞர் ஜெஃப் ட்வீடி தயாரித்த 'யூ ஆர் நாட் அலோன்' தொகுப்புக்காக 2011இல் முதல் கிராமி விருது கிடைத்தபோது அவருக்கு வயது 71. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாடிய ஒருவருக்கு அது முதல் கிராமி என்பதை ஏற்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. குடும்பப் பெயருக்குள் ஒரு குரலாக இருப்பதையே பெருமையாக நினைத்தவரைத் தனியாகப் பார்க்க விருதுக் குழுக்களுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இறப்பதற்கு முன் பாப்ஸ் சில பாட்டுகளைப் பாடிப் பதிவுசெய்திருந்தார். நோய்ப் படுக்கையில் அவற்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, மேவிஸ், இதைத் தொலைத்துவிடாதே என்றார். மகள் அவற்றை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்து, ட்வீடியின் உதவியோடு, தந்தையின் குரலுக்கும் கிட்டாருக்கும் இடையூறில்லாமல் தேவையான வாத்தியங்களை மட்டும் சேர்த்து, அந்தச் சொற்களையே தலைப்பாக்கி 2015இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் நியூ நசரேத் ஆலயப் பதிவும் அன்றைய பேச்சுகளோடு முழுமையாக வெளிவந்தது. மேவிஸை இதுவரை கேட்காதவர்கள் அந்த ஆலயப் பதிவில் தொடங்குங்கள். பாப்ஸ் சபையாரிடம் பேசி முடித்ததும் கிட்டார் மெல்ல நடுங்கத் தொடங்கும்; மேவிஸ் வருவதற்கு ஒரு மூச்சு தாமதமாகும், பொறுத்திருங்கள்.